விஸ்கியும் சுயாதீன இசையும்: ஸ்கொட்லாந்தின் இரவரங்குகள் பற்றிய ஒரு சமூகவியல் நோக்கு

1

ஒரு நாட்டின் மதுவையும் அந்நாட்டின் இசையையும் ஒருங்கே எடுத்துப் பேசுவோர் பொதுவாக இரு சாராராவர். ஒரு சாரார், இரண்டும் அந்நாட்டு மக்களின் உள்ளத்தியல்பிலிருந்து ஊற்றெடுப்பவை என்பர். மற்றொரு சாரார், இரண்டையும் ஒழுக்கச் சிதைவின் அறிகுறிகளாகக் கொண்டு ஒதுக்குவர். ஸ்கொட்லாந்தைப் பொறுத்தவரையில் முதலாவது கருத்தே உல்லாசப் பயண ஏடுகளிலும் விளம்பரங்களிலும் மேலோங்கி நிற்கின்றது. மலைச்சாரலின் நீரும் முற்றா நிலக்கரியின் புகையும் விஸ்கியை ஆக்கினாற் போல, அதே நிலமும் அதே மழையும் துயரம் தோய்ந்த பாடல்களையும் ஆக்கின என அவை கூறும். கிளாஸ்கோ, எடின்பரோ ஆகிய நகரங்களின் சிற்றரங்குகளில் வளர்ந்த சுயாதீன இசையும் இப்போது இக்கூற்றினுள் அடக்கப்பட்டுவிட்டது.

'இன்டி' எனச் சுருக்கமாக வழங்கும் சுயாதீன இசை என்பதனால் நாம் ஈண்டுக் கருதுவது, பெரும் இசைத்தட்டுக் கொம்பனிகளின் மூலதனத்தை நாடாது, சிறு நிறுவனங்கள் வாயிலாக 1970களின் இறுதி தொட்டு வெளிவந்த கித்தார் இசையையும் அதனைச் சூழ்ந்தெழுந்த இரவு வாழ்க்கையையுமாகும். விஸ்கிப் பண்பாட்டுக்கும் இவ்விசைக்குமிடையே தொடர்பு உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. அத்தொடர்பு எங்கே உள்ளது என்பதே வினா. தேசிய உளவியல்பில் அதனைத் தேடுவது வீண். மதுவரிச் சட்டத்திலும், இசை நிகழும் மண்டபத்தின் வரவு செலவிலும், 'சுயாதீனம்' என்னும் சொல்லின் பின்னாலுள்ள உடைமை உறவுகளிலுமே அது உள்ளது என்பது இக்கட்டுரையில் நாம் நிறுவ முயலும் கருத்தாகும்.

2

ஸ்கொட்லாந்தின் பாராளுமன்றம் வடிமதுவின் மீது முதன்முதலாக வரி விதித்தது 1644 ஆம் ஆண்டிலாகும். 1707 இல் இங்கிலாந்துடன் ஏற்பட்ட ஒன்றியத்தின் பின்னர் வரி விதிக்கும் அதிகாரம் இலண்டனுக்கு மாறியது. 1725 இல் மோல்ட் எனப்படும் முளைகட்டிய பார்லியின் மீது புதிய வரி நடைமுறைக்கு வந்தபோது கிளாஸ்கோவிற் கலகம் மூண்டது. மலைநாட்டுக் குடியானவனுக்கு விஸ்கி வடித்தல் வெறும் கேளிக்கை அன்று. நிலச்சொந்தக்காரனுக்குச் செலுத்த வேண்டிய குத்தகைக்காகத் தானியத்தைப் பணமாக்குவதற்கு அவனிடமிருந்த வழிகளுள் அதுவும் ஒன்று. எனவே மதுவரி உத்தியோகத்தரை ஏமாற்றிக் களவாக வடித்தல், சட்டத்தின் கண்ணில் குற்றமாகவும் ஊரின் கண்ணில் உரிமையாகவும் விளங்கியது.

இம்முரண்பாட்டைத் தம் வாழ்விலேயே சுமந்தவர் கவிஞர் ரொபேட் பேர்ன்ஸ். 1786 இல் கில்மார்னொக் நகரில் அச்சிடப்பட்ட அவரது முதற் கவிதைத் தொகுதியில் விஸ்கியைப் புகழும் கவிதையும், வடிசாலைகள் மீதான சட்டத்தை எதிர்த்து ஸ்கொட்லாந்தின் பாராளுமன்ற உறுப்பினரிடம் முறையிடும் கவிதையும் இடம்பெற்றன. ஃபெரின்டொஷ் பகுதியின் வடிப்போர் நெடுங்காலம் அனுபவித்து வந்த வரிச்சலுகை 1784 இல் நீக்கப்பட்டதை முதற்கவிதை வருந்திக் கூறுகின்றது. ஆயின் மூன்று ஆண்டுகள் கழித்து, 1789 இல், வயல் கைகொடுக்காத நிலையில் அதே பேர்ன்ஸ் மதுவரி உத்தியோகத்தராகப் பதவியேற்றார். பதவியில் இருந்துகொண்டே 1792 இல் மதுவரி உத்தியோகத்தனைச் சாத்தான் தூக்கிச் செல்வதாகக் களிப்போடு பாடும் பாட்டொன்றையும் இயற்றினார். ஸ்கொட்லாந்தின் நாட்டுப் பாடல்கள் பலவற்றை அழியாது காத்த தொகுப்புப் பணியை அவர் மேற்கொண்ட காலமும் இதுவே. மதுவின் மீது விதிக்கப்பட்ட வரி அவருக்குச் சோறிட்டது. அவ்வரியை வெறுத்த மக்களின் வாய்மொழி அவருக்குப் பாட்டளித்தது. இதனை ஒரு தனிமனிதரின் இரட்டைவேடம் எனக் கொள்வதிலும், கலைஞன் தன் சமுதாயத்தில் நிற்கும் இடத்தின் முரண்பாடு எனக் கொள்வதே பொருத்தமாகும்.

பிடில் வித்துவான் நீல் கோ 1799 இல் அமைத்த 'விஸ்கிக்கு விடை' என்னும் மெட்டும் இவ்வகையில் நோக்கத்தக்கது. விளைச்சல் பொய்த்ததனால் பார்லியைக் கொண்டு விஸ்கி வடித்தல் தடைசெய்யப்பட்டபோது எழுந்தது அம்மெட்டு. இன்று அதனைக் கேட்போர் அதில் இனம்புரியாத மலைநாட்டுச் சோகத்தைக் காண்பர். அது பிறந்ததோ தானியப் பற்றாக்குறையும் அரசின் தடையுத்தரவும் சேர்ந்த ஒரு குறித்த பொருளாதாரச் சூழலிலாகும்.

1823 ஆம் ஆண்டின் மதுவரிச் சட்டம் ஆண்டுக்குப் பத்துப் பவுண் உத்தரவுக் கட்டணத்துடன் சட்டபூர்வமான வடிப்பை இலாபகரமாக்கியது. 1830 இல் ஈனியஸ் கொஃபி உரிமை பெற்ற தொடர்வடிப்பு இயந்திரமும், 1860 ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்த கலப்பு முறையும் விஸ்கியைக் கைத்தொழிலிலிருந்து பேரளவு உற்பத்திக்கு உயர்த்தின. குடியானவனின் குடிசையிலிருந்து அது வெளியேறியது. ஆயின் குடிசையின் படம் போத்தலின் மேல் ஒட்டப்பட்டது. உற்பத்தி முறை மாறிய பின்னர் பழைய உற்பத்தி முறையின் உருவம் விற்பனைப் பொருளாவதை நாம் கீழேயும் காண்போம்.

3

வடிப்போனுக்கு விதிக்கப்பட்ட உத்தரவுப்பத்திரம் விற்போனையும் பற்றிக்கொண்டது. 1853 ஆம் ஆண்டின் சட்டம் ஸ்கொட்லாந்தின் தவறணைகளை இரவு பதினொரு மணிக்கு மூடுமாறும் ஞாயிறன்று திறவாதிருக்குமாறும் பணித்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் தவறணைகள் திறப்பதற்கு 1976 ஆம் ஆண்டுச் சட்டமே வழிசெய்தது. இடைப்பட்ட ஒன்றேகால் நூற்றாண்டில் நகர்ப்புறத் தொழிலாளி எங்கே, எத்தனை மணிவரை பாட்டுக் கேட்கலாம் என்பதை மதுவை ஒட்டிய சட்டமே பெருமளவு தீர்மானித்தது.

மதுவை நீக்கி இசையை மட்டும் வழங்க எடுக்கப்பட்ட முயற்சிகளும் இருந்தன. கிளாஸ்கோவின் மதுவிலக்குச் சங்கத்தினர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து நகர மண்டபத்திலே சனிக்கிழமை மாலைகளில் மலிவான கட்டணத்தில் இசைநிகழ்ச்சிகளை நடத்தினர். இவற்றை மத்தியதர வர்க்கத்தின் ஒழுக்கப் போதனை என ஒதுக்கிவிடுவது எளிது. ஆயின் தொழிற்கட்சியின் முன்னோடியான கெயர் ஹாடி மதுவிலக்கு இயக்கத்தில் உருவானவர் என்பதும், 1922 ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் டண்டி நகரில் வின்ஸ்டன் சேர்ச்சிலைத் தோற்கடித்தோருள் ஒருவரான எட்வின் ஸ்கிரிம்ஜோர் மதுவிலக்குக் கட்சியைச் சேர்ந்த சோஷலிசவாதி என்பதும் ஈண்டு மனங்கொள்ளத்தக்கன. சம்பளத்தின் ஒரு பகுதி தவறணை வழியாக மீண்டும் முதலாளியிடமே திரும்புகின்றது என்பதை அவ்வியக்கத்தினர் உணர்ந்திருந்தனர். மதுவை எதிர்ப்பது பிற்போக்கு, மதுவை ஏற்பது முற்போக்கு என்னும் எளிய வாய்பாட்டுக்கு ஸ்கொட்லாந்தின் தொழிலாளர் வரலாறு இடமளிப்பதில்லை.

பிற்காலத்திலும் உத்தரவுப்பத்திரமே இசையின் எல்லையை வகுத்தது. 1977 ஆம் ஆண்டளவில் கிளாஸ்கோ நகர அதிகாரிகள் பங்க் இசை நிகழ்ச்சிகளுக்கு இடம்கொடுக்கத் தயங்கியமையால், அவை அண்டை நகரான பெய்ஸ்லியின் தவறணைகளிலும் விடுதிகளிலும் ஒதுங்கின. இசையைத் தடைசெய்யத் தனியொரு சட்டம் வேண்டியதில்லை. மண்டபத்தின் உத்தரவுப்பத்திரத்தைக் கையிற் கொண்டிருப்பதே போதுமானது.

4

1979 தொடக்கம் 1986 வரையிலான காலப்பகுதி நமது ஆய்வுக்கு மிக முக்கியமானது. விஸ்கித் துறையிலும் இசைத் துறையிலும் 'சுயாதீனம்' என்னும் சொல் வலுப்பெற்றது இக்காலத்திலாகும்.

1970களில் மிகையாக உற்பத்தி செய்யப்பட்ட விஸ்கி, உலகப் பொருளாதார நெருக்கடியின் போது விற்பனையாகாது களஞ்சியங்களிலே தேங்கியது. ஸ்கொட்லாந்தின் மிகப் பெரிய விஸ்கி நிறுவனமாகிய டிஸ்டிலர்ஸ் கொம்பனி 1983 இல் போர்ட் எலன், புரோரா முதலிய 11 வடிசாலைகளை மூடியது. அதே ஆண்டில் எடின்பரோவில் ஸ்கொச் மோல்ட் விஸ்கிச் சங்கம் தோன்றியது. தனித்தனிப் பீப்பாக்களை வாங்கி, கலப்பின்றி, வடித்தெடுத்த வண்ணமே அங்கத்தவர்க்கு வழங்குவது அதன் நோக்கமாகும். அதற்கு முன்பே கடென்ஹெட், கோர்டன் அன்ட் மக்ஃபெயில் முதலிய பழைய வணிக இல்லங்கள் சுயாதீனமாகப் போத்தலிட்டு வந்தன. ஆயின் வடிசாலைகளின் மூடுவிழாக் காலத்திலேயே அப்போத்தல்களுக்குப் புதியதோர் இரசிகர் கூட்டம் சேர்ந்தது. இன்ன வடிசாலை, இன்ன ஆண்டு, இன்ன பீப்பா எனக் கணக்கிட்டுச் சேகரிக்கும் மரபொன்று உருவாயிற்று.

இசைத் துறையிலும் இதனையொத்த நிகழ்ச்சி நடைபெற்றது. கிளாஸ்கோவை அடுத்த லின்வுட் மோட்டார் வாகனத் தொழிற்சாலை 1981 இல் மூடப்பட்டது. வேலையற்ற இளைஞர் பெருகிய அந்நகரிலே அலன் ஹோர்ன் என்பார் தொடக்கிய போஸ்ட்கார்ட் நிறுவனம் 1980 இல் ஒறேஞ் ஜூஸ் குழுவின் முதலாவது இசைத்தட்டை வெளியிட்டது. ஜோசஃப் கே, அஸ்டெக் கமெரா ஆகிய குழுக்களும் அந்நிறுவனம் வாயிலாகவே அறிமுகமாயின. கிளாஸ்கோவைச் சேர்ந்த அலன் மக்கீ 1983 இல் இலண்டனிற் கிறியேஷன் நிறுவனத்தை ஆரம்பித்தார். இங்கும் இன்ன நிறுவனம், இன்ன பதிப்பு, இத்தனை பிரதி எனக் கணக்கிடும் சேகரிப்பாளர் மரபு எழுந்தது. விஸ்கிச் சேகரிப்பாளனும் இசைத்தட்டுச் சேகரிப்பாளனும் ஒரே வரலாற்றுக் கணத்தின் குழந்தைகள் எனலாம். பேருற்பத்தி நிலைகுலைந்த இடத்தில், சிறுஉற்பத்தியின் கைத்தடம் பதிந்த பொருளுக்கு இருவரும் மதிப்பளித்தனர்.

ஆயின் ஒப்புமையை இவ்வளவில் நிறுத்திவிடின் நாமும் விளம்பரக்காரரின் நிலையையே அடைவோம். இரண்டுக்குமுள்ள வேறுபாடே பொருள் பொதிந்தது. ஸ்கொச் விஸ்கி என்னும் பெயரைப் பெறுவதற்கு மது குறைந்தது மூன்று ஆண்டுகள் மரப்பீப்பாவில் முதிர்தல் வேண்டும். தரமான மோல்ட் விஸ்கிக்குப் பத்து, பன்னிரண்டு ஆண்டுகளேனும் தேவை. அவ்வளவு காலம் மூலதனத்தை முடக்கி வைக்கும் வசதி சிறியவனுக்கு இல்லை. எனவே சுயாதீனமாகப் போத்தலிடுவோர் பெரும்பாலும் பிறர் வடித்த பீப்பாக்களையே நம்பியிருந்தனர். பேருற்பத்தியின் மிகுதியே அவர்களின் சுயாதீனத்துக்கு மூலப்பொருளாயிற்று. இசைத்தட்டுக்கோ காத்திருப்பு வேண்டியதில்லை. சிறு தொகையோடு ஏறத்தாழ ஆயிரம் பிரதிகளைச் சில வாரங்களில் வெளியிட்டுவிடலாம். ஆனால் பாட்டைப் பாடிக் காட்டுவதற்கும், ஊர்தோறும் சென்று கேட்போரைச் சேர்ப்பதற்கும் ஒரு மண்டபம் வேண்டும். விஸ்கிச் சுயாதீனம் காலத்துக்குக் கடன்பட்டதாயின், இசைச் சுயாதீனம் இடத்துக்குக் கடன்பட்டதாகும்.

இரு சுயாதீனங்களின் முடிவும் பலவிடங்களில் ஒத்தன. ஒறேஞ் ஜூஸ் குழு 1981 இலேயே பொலிடோர் என்னும் பெருங்கொம்பனியோடு ஒப்பந்தஞ் செய்தது. கிறியேஷன் நிறுவனத்தின் 49 சதவீதப் பங்கு 1992 இல் சோனியிடம் சென்றது. ஐலாத் தீவின் புரூக்லாடி வடிசாலை 2001 இல் சுயாதீனத்தின் சின்னமாகப் புத்துயிர் பெற்று, 2012 இல் ரெமி குவான்ட்ரோ என்னும் பிரெஞ்சு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. சுயாதீன நிறுவனங்கள் ஆபத்தை ஏற்றுப் புதுச் சுவையைச் சோதிப்பதும், சோதனை வென்றபின் பெருமூலதனம் அதனை விலைக்கு வாங்குவதும் ஒரே சுழற்சியின் இரு கட்டங்களாகும். விதிவிலக்குகள் இல்லாமலில்லை. கம்பெல்டவுனின் ஸ்பிறிங்பாங்க் வடிசாலை நெடுங்காலம் ஒரே குடும்பத்தின் கையில் நீடித்தது. டெல்கடோஸ் குழுவினர் 1994 இல் கிளாஸ்கோவில் நிறுவிய கெமிக்கல் அண்டர்கிரவுண்ட் பல ஆண்டுகள் இசைஞரின் சொந்த நிறுவனமாகவே இயங்கியது. எனினும் விதிவிலக்கைக் கொண்டு விதியை மறைத்தலாகாது.

5

இனி, இசை இடத்துக்குக் கடன்பட்டது என மேலே கூறியதை விரித்து நோக்குவோம்.

1990 இல் கிளாஸ்கோ ஐரோப்பாவின் பண்பாட்டு நகராகக் கொண்டாடப்பட்டது. கப்பற்கட்டும் தொழில் நலிந்த நகரம் தன்னைப் பண்பாட்டு நகராக விற்கத் தொடங்கிய காலம் அது. அவ்வாண்டிலேயே சென் வின்சென்ட் வீதியிற் கிங் டட்ஸ் என்னும் சிற்றரங்கு திறக்கப்பட்டது. 1993 மே 31 அன்று ஒயேசிஸ் குழுவை அலன் மக்கீ கண்டு ஒப்பந்தம் பேசியது அங்குதான். மத்திய புகையிரத நிலையத்தின் கீழுள்ள வளைவறைகளில் 1991 தொடக்கம் இயங்கிய ஆர்ச்சஸ் என்னும் கலைக்கூடம் நாடகம், ஓவியம், நடனம் ஆகியவற்றோடு இரவு நடன நிகழ்ச்சிகளையும் நடத்தியது. அந்த இரவு நிகழ்ச்சிகளே அதன் வருமானத்தின் அரைப்பங்குக்கு மேற்பட்டதை ஈட்டித் தந்தன. வேறு விதமாகக் கூறுவதாயின், பரிசோதனை நாடகத்துக்கான பணத்தின் பெரும்பகுதி இரவுக் கேளிக்கையிலிருந்தே வந்தது. 2015 மே மாதத்தில், போதைப்பொருள் பற்றிய பொலிசாரின் முறைப்பாட்டை அடுத்து, உத்தரவுப்பத்திரச் சபை அதன் நேரத்தை நள்ளிரவோடு மட்டுப்படுத்தியது. அடுத்த மாதமே கலைக்கூடம் முழுவதும் முடங்கியது. அங்கே அரங்கேறிய நாடகங்களின் தரத்தை எவரும் குறை கூறவில்லை. ஆயினும் இரவு நேரத்தின் வருமானம் அறுந்ததும் நாடகமும் அறுந்தது. பண்பாட்டின் மேற்கட்டுமானம் எதன்மேல் நின்றது என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டுமோ?

ஆனால் அடித்தளமாக நின்ற மது எது என்பதையும் கேட்டாக வேண்டும். இவ்வரங்குகளில் இளைஞர் பெரிதும் அருந்தியது விஸ்கி அன்று; மலிவான பியரே. கிளாஸ்கோவின் டெனன்ட்ஸ் பியர் நிறுவனம் 1994 தொடக்கம் 2016 வரை நடந்த 'ரீ இன் த பார்க்' என்னும் மாபெரும் திறந்தவெளி இசைவிழாவுக்கு ஆதரவளித்தது. விழாவின் பெயரிலுள்ள முதலெழுத்தே அந்நிறுவனத்தினுடையது. விஸ்கியோ மிகப்பெரும் பகுதி வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாவது. 2023 இல் அவ்வேற்றுமதியின் பெறுமதி 560 கோடிப் பவுண். எனவே மண்டபத்தின் வாடகையைப் பியர் கொடுக்க, மண்டபத்தைப் பற்றிய கதையை விஸ்கி எடுத்துக்கொண்டது எனலாம். உள்நாட்டில் உழைக்கும் பண்டம் ஒன்று. வெளிநாட்டுக்குக் காட்டும் பண்டம் மற்றொன்று. விஸ்கிக்கும் இன்டி இசைக்குமுள்ள தொடர்பைப் பற்றிப் பேசுவோர் இவ்வேறுபாட்டைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

உத்தரவுப்பத்திரமற்ற இடங்களைத் தேடும் பழைய வழக்கமும் அற்றுப்போகவில்லை. 2002 இல் உருவான ஃபிரான்ஸ் ஃபெர்டினன்ட் குழுவினர், கைவிடப்பட்ட களஞ்சியம் ஒன்றிற்கு 'ஷற்றோ' எனப் பெயரிட்டு அங்கே இரவு நிகழ்ச்சிகளை நடத்திப் பொலிசாரின் நடவடிக்கைக்கு உள்ளாயினர். மலைக்குகையிற் களவாக வடித்த குடியானவனையும் பாழடைந்த களஞ்சியத்திற் களவாகப் பாடிய இளைஞனையும் ஒன்றாக்கிக் காண்பது கவர்ச்சியானதே. ஆயின் முன்னவன் குத்தகை செலுத்தப் போராடினான். பின்னவர் மண்டப வாடகையைத் தவிர்க்க முயன்றனர். இரண்டிலும் எதிர்நின்றது சட்டம் மட்டுமன்று, நில உடைமையுமாகும்.

6

இப்பொருளாதார உறவுகள் கலைப்படைப்பினுள் எவ்வாறு உருப்பெறுகின்றன? இதற்கு உதாரணமாக அராப் ஸ்ட்ராப் குழுவின் 'முதலாவது பெரிய வாரஇறுதி' என்னும் பாடலை எடுத்துக்கொள்வோம். ஃபோல்கேர்க் நகரத்தவரான ஏய்டன் மொஃபட், மல்கம் மிடில்டன் ஆகிய இருவரும் ஆக்கிய இப்பாடல் 1996 இல் கெமிக்கல் அண்டர்கிரவுண்ட் வெளியீடாக வந்தது.

பாடலின் பெரும்பகுதி பாடப்படுவதில்லை, பேசப்படுகின்றது. இயந்திரத் தாளத்தின் மேல், ஊர்ப் பேச்சுவழக்கிலே, ஒருவன் தன் வாரஇறுதியை நாள் வரிசையில் ஒப்புவிக்கின்றான். குடி, நடனக்கூடம், நண்பர், முன்னாள் காதல், உறக்கமின்மை, 1996 ஜூன் 15 அன்று இங்கிலாந்திடம் ஸ்கொட்லாந்து உதைபந்தாட்டத்தில் தோற்றமை ஆகிய யாவும் ஒரே சமனான தொனியில் வருகின்றன. இறுதியில் மட்டுமே அது இசைவடிவம் பெறுகின்றது. இதில் மலையில்லை, மூடுபனியில்லை, முன்னோர் பெருமையில்லை. குடி இங்கு கொண்டாட்டமாகவும் காட்டப்படவில்லை, கண்டிக்கப்படவுமில்லை. வாரத்தின் ஐந்து நாள்களுக்கு உரிமையாளனல்லாத ஒருவன், எஞ்சிய நாள்களை நிரப்புவதற்குக் கையிலிருக்கும் ஒரே பொருளாக அது காட்டப்படுகின்றது. பேர்ன்ஸின் மதுக்கவிதையில் உள்ள கூட்டுக்களிப்பு இதில் இல்லை. குழுவாகக் குடித்தும் தனித்தே நிற்கும் ஒருவனின் குரலே கேட்கின்றது. யதார்த்தத்தின் சிறப்பு இதுவாகும். நாள்களை எண்ணிச் சொல்லும் அந்த வெறுமையான முறையே, ஓய்வுநேரமும் உழைப்புநேரத்தைப் போலவே பங்கிடப்பட்ட ஒன்று என்பதை வெளிப்படுத்துகின்றது.

இதன் பின்கதை நமக்கு மிகுந்த படிப்பினை தருவது. சில காலத்தின் பின்னர் இப்பாடலின் இசை, சொற்கள் மாற்றப்பட்டு, கின்னஸ் மதுவின் தொலைக்காட்சி விளம்பரத்திற் பயன்படுத்தப்பட்டது. 1986 இல் டிஸ்டிலர்ஸ் கொம்பனியை விழுங்கி ஸ்கொட்லாந்தின் பெரும்பாலான புகழ்பெற்ற விஸ்கிகளுக்கு உரிமை கொண்டாடியது இதே கின்னஸ் நிறுவனமே. 1997 இல் வேறொரு நிறுவனத்தோடு இணைந்து அது டியாஜியோ ஆயிற்று. குடியின் வெறுமையைப் பேசிய பாடல் குடியின் விளம்பரமாயிற்று. இதற்காக இரு இளைஞரைக் குறைகூற நாம் முன்வரவில்லை. சிறு நிறுவனத்தின் கலைஞருக்கு விளம்பரப் பணம் அடுத்த இசைத்தட்டுக்கான வழி என்பது தெளிவு. விளம்பரம் எதை எடுத்துக்கொண்டது, எதை விட்டது என்பதையே நாம் நோக்குதல் வேண்டும். தாளத்தை எடுத்தது, பேச்சின் தொனியை எடுத்தது, சொற்களை விட்டது. அச்சொற்களிலேதான் மறுநாட் காலையும் தோல்வியும் இருந்தன.

7

விளம்பரம் பாடலை எடுத்துக்கொண்டதுபோல், விழாவையும் இரவையும் விஸ்கி எடுத்துக்கொள்வதை 2000 ஆம் ஆண்டுக்குப் பின்னர் தெளிவாகக் காணலாம். ஐலாத் தீவில் 1980களின் நடுப்பகுதியிற் கேலிக் மொழியையும் அதன் இசையையும் வளர்க்கும் நோக்கோடு தோன்றிய 'ஃபேஷ் ஈலா' என்னும் விழா, வடிசாலைகள் அதிற் சேர்ந்த பின்னர் உலகெங்குமுள்ள விஸ்கிச் சேகரிப்பாளரின் யாத்திரையாயிற்று. கேலிக் இசை அங்கு இன்றும் ஒலிக்கின்றது. ஆயின் வரிசையில் நிற்போரிற் பலர் அவ்வாண்டின் விசேட போத்தலுக்காகவே நிற்கின்றனர். பாலன்டைன்ஸ் என்னும் கலப்பு விஸ்கி நிறுவனம் 2010களின் நடுப்பகுதி தொட்டு, இரவு இசையை இணையவழி ஒளிபரப்பும் பொய்லர் ரூம் அமைப்போடு சேர்ந்து உலகின் பல நகரங்களில் நிகழ்ச்சிகளை நடத்தியது. விஸ்கியைத் தந்தையரின் பானம் எனக் கருதிய தலைமுறையிடம் அதனை மீண்டும் விற்க, சுயாதீன இசையின் நேர்மை எனும் மதிப்பு அதற்குத் தேவைப்பட்டது.

இவ்விடயத்தில் கில்மார்னொக் நகரின் கதை யாவற்றையும் சுருக்கிக் காட்டும். பேர்ன்ஸின் முதல் நூல் அச்சேறிய அந்நகரிலே 1820 இல் ஜோன் வோக்கர் ஒரு மளிகைக் கடையைத் திறந்தார். அவருடைய பெயரே பின்னர் உலகப் புகழ்பெற்ற கலப்பு விஸ்கியின் பெயராயிற்று. 2009 இல் டியாஜியோ நிறுவனம் கில்மார்னொக்கிலுள்ள போத்தலிடும் தொழிற்சாலையை மூடப்போவதாக அறிவித்தது. ஏறத்தாழ 700 தொழில்கள் பறிபோகவிருந்த நிலையில் ஆயிரக்கணக்கானோர் ஊர்வலமாகச் சென்றனர். பயனில்லை. 2012 இல் தொழிற்சாலை மூடப்பட்டது. 2021 இல் அதே நிறுவனம் எடின்பரோவின் பிரின்சஸ் வீதியிற் பழைய கடைத்தொகுதியொன்றை ஜோனி வோக்கர் காட்சியகமாகத் திறந்தது. மளிகைக்கடைக்காரனின் கதை அங்கே ஒளியும் ஒலியும் நடிப்பும் சேர்த்துக் கூறப்படுகின்றது. 1995 இல் கில்மார்னொக்கில் உருவான பிஃபி கிளைரோ என்னும் ரொக் குழு இன்று பேரரங்குகளை நிரப்புகின்றது. நகரத்தின் பெயர் பாட்டிலும் போத்தலிலும் உலகெங்கும் செல்கின்றது. போத்தலிட்ட கைகளுக்கு மட்டும் நகரில் வேலையில்லை. விஸ்கிப் பண்பாடு என்பது விஸ்கித் தொழிலாளியை நீக்கிய பின் எஞ்சுவதாயின், அதனைப் பண்பாடு என்று எவ்வாறு கூறுவது?

8

குடியின் விலை பற்றியும் ஒரு சொல் கூறாது முடிப்பது பொறுப்பாகாது. 2023 இல் ஸ்கொட்லாந்தில் மது நேரடிக் காரணமான இறப்புகள் 1,277. வறுமை மிக்க பகுதிகளில் இவ்விகிதம் வசதியான பகுதிகளிலும் நான்கு மடங்குக்கு மேற்பட்டது. மதுவின் ஓர் அலகுக்குக் குறைந்தபட்ச விலையை நிர்ணயிக்கும் சட்டத்தை ஸ்கொட்லாந்துப் பாராளுமன்றம் 2012 இல் இயற்றியது. அதனை எதிர்த்து வழக்காடியது ஸ்கொச் விஸ்கி உற்பத்தியாளர் சங்கமாகும். 2017 நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டத்தை உறுதிசெய்த பின்னரே, 2018 மே முதலாந் திகதி அலகுக்கு 50 பென்ஸ் என அது நடைமுறைக்கு வந்தது. 2024 செப்டெம்பர் இறுதியில் அது 65 பென்ஸாக உயர்த்தப்பட்டது. வழமையான 70 சென்ரிலீற்றர் விஸ்கிப் போத்தலில் 28 அலகுகள் உள்ளன. ஆகவே அதனை 18 பவுண் 20 பென்ஸுக்குக் குறைய விற்றலாகாது. காட்சியகத்தில் ஒரு கிண்ணத்தை நிதானமாகச் சுவைப்போனை இவ்விலை தீண்டாது. அரங்குகளிலும் தவறணைகளிலும் விற்கும் மதுவின் விலை பெரும்பாலும் அவ்வெல்லைக்கு மேலேயே உள்ளது. சட்டம் தொட்டது மலிவு மதுவை வாங்கித் தனியறையிற் குடிப்போரையே. சுவைஞனின் விஸ்கியும் சாவோனின் விஸ்கியும் ஒரே தொழிலின் விளைபொருள்கள். பண்பாடு என்னும் சொல் முதலாவதைக் காட்டி இரண்டாவதை மறைக்கின்றது.

முற்போக்கு விமர்சனம் இங்கே எடுக்க வேண்டிய நிலைப்பாடு யாது? மதுவைக் காரணங்காட்டி இரவரங்குகளை ஒடுக்குவதை நாம் வரவேற்க முடியாது. ஆர்ச்சஸ் கலைக்கூடம் முடங்கியபோது இழந்தது நகரத்தின் இளங்கலைஞர் தலைமுறையாகும். அதேவேளை, மதுவின் வருமானமின்றிக் கலை வாழாது என்பதை இயற்கை நியதியாக ஏற்பதும் தவறு. ஒரு நகரம் தன் இசைக்கு ஒரு கூரையைத் தருவதற்கு, அந்நகரத்து இளைஞர் எவ்வளவு குடிக்கின்றனர் என்பது அளவுகோலாக இருக்க வேண்டியதில்லை. நூலகத்தைப் பொதுப்பணத்தில் நடத்தும் சமுதாயம் சிற்றரங்கையும் அவ்வாறு நடத்தலாம். சனிக்கிழமை மாலைகளில் மதுவின்றி இசை வழங்கிய பழைய சங்கத்தாரின் குறை, அவர்கள் மக்களுக்கு ஒழுக்கம் கற்பிக்க முயன்றமையே. மண்டபத்தை மதுவின் கணக்கிலிருந்து விடுவித்தமையில் அவர்கள் தவறிழைக்கவில்லை.

விஸ்கிக்கும் சுயாதீன இசைக்கும் உறவு உண்டு. அது ஒரே ஆன்மாவிற் பிறந்த சகோதர உறவன்று. கடன்காரனுக்கும் கடன்பட்டவனுக்கும் உள்ள உறவை ஒத்தது. வாரஇறுதியை நாள்நாளாக எண்ணிச் சொன்ன அந்த ஃபோல்கேர்க் குரல் கடனின் கணக்கை வெளிப்படையாக வாசித்தது. விளம்பரக்காரர் அழித்த சொற்களை மீட்டுப் படிப்பதே விமர்சகனின் பணியாகும்.